கோடு வரைக்கும் போர் தண்ணீர்

உன் நீல பக்கெட் என் மேசைமேல் இருக்கிறது. அடியில் விரிசல் விட்டுவிட்டது. உன் வீட்டுக்காரர் அதே இருபது லிட்டரில் புதியது ஒன்று வாங்கி, இரண்டையும் தூக்கிக்கொண்டு இன்று காலை மாடிக்கு வந்தார். பழையதில் இருக்கும் சிவப்புக் கோட்டைப் புதியதிலும் அதே உயரத்தில் போட்டுத் தர வேண்டுமாம். "நான் போட்டா அளவு தப்பிடும் டீச்சர். நீங்களே போட்டுக் குடுத்துடுங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து உன் நெயில் பாலிஷ் புட்டியை எடுத்து வைத்துவிட்டுப் போனார். மூடி இறுகிக் கிடந்தது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துத் திறந்தேன். அந்த வாசனை எழுந்ததும் கோடு போடத் தோன்றவில்லை. இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு வருடம் உன்னை 'நீங்கள்' என்றே கூப்பிட்டேன். "நீங்க நீங்கன்றியே, நான் இன்னா உன் காலேஜு பிரின்ஸ்பாலா?" என்று கேட்பாய். எனக்கு யாரிடமும் சட்டென்று 'நீ' வராது. இந்த மடலிலாவது வரட்டும் என்று எழுதுகிறேன்.

நூம்பலுக்கு நான் குடி வந்த முதல் வாரமே நீ மாடி ஏறி வந்தாய். கையில் ஒரு ஜாம் பாட்டில் நிறையத் தண்ணீர். நான் கல்லூரியில் வேதியியல் நடத்துபவள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "டீச்சர், இது நம்ம போர் தண்ணி. இதுல இன்னா கீதுன்னு பாத்துச் சொல்லு. மீனுக்கு" என்றாய். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை உனக்கு. நாள் முழுக்க அளவு பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து மீன் தொட்டியையும் அளந்துகொண்டிருக்கும் ஒருத்தியை அதற்குமுன் நான் சந்தித்ததில்லை.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வந்தபோதுதான் உன் டிஸ்கஸ் மீன்களைப் பார்த்தேன். ஆறு மீன்கள், ஒவ்வொன்றும் நிமிர்த்தி வைத்த டிபன் தட்டு அளவு. உடம்பெல்லாம் நீலமும் பச்சையுமாக நெளிந்து ஓடும் கோடுகள், சிவந்த கண். "என் தட்டுங்க" என்றாய். தண்ணீர் முப்பது டிகிரியில் இருக்க வேண்டும், மார்கழியில் ஹீட்டர் நின்றால் போச்சு, உப்பும் சுண்ணாம்பும் ஏறின தண்ணீர் ஆகாது என்று ஒரு மூச்சில் சொன்னாய். வாரம் ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து மாட்டு இருதயம் வாங்கி வந்து, கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, இறாலும் பூண்டும் சேர்த்து அரைப்பாய். அன்றைக்கு மட்டும், "டீச்சர், உள்ள வராத. உனுக்கு ஒத்துக்காது" என்று ஜன்னல் வழியாகவே பேசுவாய். நான் வருவேன். கொழுப்பை ஏன் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

உன் போர் தண்ணீரைச் சோதித்தபோது கடினம் மிக அதிகம் என்று வந்தது. எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நீ தாளைப் பார்க்கவே இல்லை. "நம்பர் கெடக்கட்டும். எவ்ளோ ஊத்தணும், அத்த சொல்லு" என்றாய். மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர், ஒரு பங்கு போர் தண்ணீர் என்றேன். முழுக்க ஆர்.ஓ. ஊற்றினால் என்ன என்று கேட்டாய். அதில் உப்பே இருக்காது, மீன்களின் கழிவிலிருந்து வரும் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது, திடீரென்று ஒருநாள் தண்ணீர் புளித்துப்போகும் என்றேன். "மோரு மாரியா?" என்றாய். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். தொட்டி முழுவதையும் அன்றே மாற்றிவிடலாம் என்று நான் சொன்னதை மட்டும் நீ ஏற்கவில்லை. "அதுங்க இன்னா துணியா, ஒரேடியா முக்கி எடுக்கறதுக்கு? கொஞ்சங்கொஞ்சமாத்தான்."

அதற்கப்புறம் தண்ணீரைப் பற்றி நீ என்னிடம் கேட்டதாக நினைவில்லை. என் எண்ணை வைத்துக்கொண்டு நன்றாக நடத்துகிறாய் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நமக்குள் தீராத சண்டை ஒன்றுதான். மீன்களுக்கு உன்னைத் தெரியும் என்பாய். நீ இழுத்துப் போடும் பிளாஸ்டிக் ஸ்டூலின் சத்தம்தான் அவற்றுக்குத் தெரியும் என்பேன். ஒருநாள் என்னையே அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாய். ஆறும் பின்பக்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன. "பாத்தியா?" என்றாய். ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றேன். "அப்போ தெனம் வந்து குந்து. எனுக்கும் பேச்சுத் துணையா இருக்கும்" என்றாய். நான் தினம் வரவில்லை. விடைத்தாள் கட்டுகள் இருந்தன.

போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய். நான்காம் நாள் நீ இல்லை. அதை எழுதிப் பார்த்தேன்; இதற்கு மேல் எழுத வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து உன் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "ரெண்டு செத்துப்போச்சு டீச்சர். மீதி நாலும் கறுத்துப்போயி மூலையில நிக்குது. துன்ன மாட்டேங்குது. அவ போனதுல்லேந்தே இப்பிடித்தான். அவள நெனச்சிகினு அதுங்களும் போயிடும்போல கீது."

கீழே போய்ப் பார்த்தேன். கோடுகள் மறைந்து, அடுப்புக்கரி பூசினாற்போல நான்கு மீன்கள் தலையைச் சாய்த்து நின்றன. பார்க்கிற எவருக்கும் துக்கம் என்றுதான் தோன்றும். எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்காக என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. கல்லூரியிலிருந்து மீட்டரைக் கொண்டுவந்து தண்ணீரில் வைத்தேன். பி.எச். நாலரை. நீ சொன்ன மோர்தான்.

"தண்ணி எப்படி மாத்தறீங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சாறு நாளைக்கு ஒரு தபா, ஆர்.ஓ. தண்ணி ஊத்தறேன். சுத்தமான தண்ணி டீச்சர். மெசினு வுடற தண்ணி மொத்தமும் அதுங்களுக்குத்தான். நான் போர் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கறேன்."

"போர் தண்ணி கலக்கறதில்லையா?"

"சேச்சே. அந்த உப்புத் தண்ணியவா?"

பக்கெட்டைப் பார்த்தேன். இதுவரை போர் தண்ணீர், மீதி ஆர்.ஓ. என்று நீ போட்ட சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. இது எதற்கு என்று தெரியுமா என்றேன். நம் கட்டடத்தில் எல்லா வீட்டு பக்கெட்டும் நீலம், எல்லாம் ஒரே குழாயடியில் நிற்கும். மாறிப்போகாமல் இருக்க நீ வைத்த அடையாளம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மூன்றாம் வீட்டு பக்கெட்டில்கூட ஒரு பச்சைப் பொட்டு இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

இனி நான் சொல்லப்போவது அவரிடமிருந்து எதைப் பறிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. உன் மீன்கள் உனக்காகக் கறுத்தன என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், நீங்கள் ஊற்றின நல்ல தண்ணீர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இறந்த இரண்டும் அந்தக் கணக்கில்தானே வரும். சொல்லாமல் நானே கமுக்கமாகத் தண்ணீரைச் சரிசெய்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் நான் ஊருக்குப் போகிற வாரத்தில் அவர் மறுபடி வெறும் ஆர்.ஓ. ஊற்றுவாரே. சொன்னேன்.

அவர் தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"அப்போ அவளுக்காகக் கறுக்கல."

"இல்லைங்க."

"தண்ணிதான்."

"ஆமாங்க."

உன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "அப்போ பொழைக்கும் டீச்சர். துக்கம்னா நாம இன்னா பண்ண முடியும்? தண்ணின்னா மாத்தலாம்ல?"

இப்படி ஒரு பதில் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் செய்ய இருந்த தவறையும் உன்னிடம் சொல்ல வேண்டும். சோடா உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு ஸ்பூன் போட்டால் பத்து நிமிடத்தில் எண் சரியாகிவிடும். துணியா, முக்கி எடுப்பதற்கு என்ற உன் குரல்தான் கையை நிறுத்தியது. நிறுத்தியபிறகுதான் காரணமும் புரிந்தது. புளித்த தண்ணீரில் மீன் கழிவின் அம்மோனியா தீங்கில்லாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். சட்டென்று புளிப்பை எடுத்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் விஷமாகும். பாடப் புத்தகத்தில் நானே நடத்துகிற விஷயம். அவசரத்தில் மறந்துபோயிருந்தேன். அம்மோனியாவையும் தினம் பார்த்துக்கொண்டு, முதல் நாள் ஒரு பக்கெட் ஆர்.ஓ. தண்ணீருக்கு அரைக் குவளை போர் தண்ணீர், மறுநாள் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனோம். எட்டாம் நாள் கோட்டைத் தொட்டோம். பத்தாம் நாள் ஒரு மீனின் நெற்றிக்கருகில் நூல் போல ஒரு நீலக் கோடு தெரிந்தது. அவர் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நான்கும் பிழைத்தன. இப்போது அவர் ஸ்டூலை இழுத்தால் முன்னால் வருகின்றன. நான் இழுத்தால் இன்னமும் வருவதில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தக் கோடு. பக்கெட்டை இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோதுதான் கவனித்தேன். சிவப்புக் கோட்டுக்கு மூன்று விரல் மேலே சுரண்டி எடுத்த தழும்பு ஒன்று. அளந்தேன். கால் பக்கெட், அதாவது நான் சொன்ன ஒரு பங்கு. நான் சொன்ன இடத்தில்தான் முதலில் கோடு போட்டிருக்கிறாய். பிறகு அதைச் சுரண்டிவிட்டுக் கீழே இறக்கியிருக்கிறாய். என்னிடம் சொல்லவே இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று விரலை எந்த ஆதாரத்தில் குறைத்தாய்? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. துவைக்கிற கல்லருகே நின்று, கையில் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "பக்கத்துல ஃப்ளாட்டு கட்டறான்ல, ஆழமா போர் போட்டதுல்லேந்து நம்ம தண்ணி கெட்டியாயிடுச்சு டீச்சர். நுரையே வரல பாரு." நான் தலையசைத்துவிட்டு மேலே போய்விட்டேன். தண்ணீரின் கடினத்தைச் சோப்பு நுரையை வைத்து அளப்பது பழைய சோதனை. முதலாண்டு மாணவர்களுக்கு நானே சொல்லித் தருவது. ஆய்வகத்துக்கு வெளியே அதைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

குழாயைத் திறந்து இன்றைய போர் தண்ணீரை அளந்தேன். அந்த ஜாம் பாட்டில் தண்ணீரைவிடக் கடினம் வெகுவாக ஏறியிருக்கிறது. அப்படியானால் போர் தண்ணீர் குறைவாகத்தான் கலக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் கோட்டுக்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒருமுறை அளந்துவிட்டு ஏழு வருடம் அந்த எண்ணை நம்பிக்கொண்டிருந்தது நான்தான்.

புதிய பக்கெட்டில் உன் உயரத்திலேயே கோடு போட்டுவிட்டேன். காய்ந்துகொண்டிருக்கிறது. "ஆச்சா டீச்சர்?" என்று கீழேயிருந்து இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. பக்கெட்டைக் கொடுக்கும்போது அவரிடம் சொல்ல வேண்டும்: இந்தக் கோடு இங்கேயே நிற்காது. மழை வந்தால் ஏறும், எவனாவது இன்னொரு போர் போட்டால் இறங்கும். அவள் போட்ட கோடாயிற்றே என்று அவர் தயங்குவார். அவளே ஒருமுறை சுரண்டியிருக்கிறாள் என்று பழைய பக்கெட்டைக் காட்டுவேன்.

புட்டியை நானே வைத்துக்கொள்கிறேன். குழாயடியில் சோப்பு ஒன்றும் வாங்கி வைக்க வேண்டும்.