குடுவைக்குள் மூத்தவள்

மார்ச் 3

அம்மா இன்று ஆராய்ச்சிக் கப்பல் ஏறினாள். மாதக் கடைசியில்தான் வருவாள். வாசலில் செருப்பு மாட்டியபடி என்னிடம், "நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். பிறகு உள்ளே எட்டி, சாப்பாட்டு மேசைமேல் இருந்த கண்ணாடிக் குடுவையைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கோ" என்றாள். நிஜமாகவே. குடுவையிடம்.

குடுவைக்குள் இருப்பது கடலின் நுண்பாசி. தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால் தண்ணீர் வெளிர் டீ நிறமாகிவிடும். நான் பிறப்பதற்கு முந்தின வருடம் கடலில் அள்ளிய ஒரு சொட்டில் இருந்து அம்மா பிரித்தெடுத்த ஒற்றை உயிரின் வம்சம் இது. அதனால் அப்பா இதை 'மூத்தவள்' என்பார். நான் இளையவள்.

அம்மாவின் ஆய்வகத்தில் மின்கம்பி மாற்றுகிறார்கள். அதனால்தான் மூத்தவள் எங்கள் வீட்டில், ஒரு மேசை விளக்கின் கீழே.

மார்ச் 5

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, நடந்துகொண்டே இருக்கிறேன். ஜன்னல், மேசை, ஜன்னல். காலையும் மாலையும் குடுவையை மெதுவாகச் சுழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாசி அடியில் படிந்துவிடும். என்னை யார் சுழற்றிவிடுவது?

மார்ச் 6

ஆய்வக அக்கா வந்தாள். அம்மாவின் உதவியாளர், நிறைமாதம். வயிற்றில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, "பாரு, எனக்கு மேசையே வேண்டாம்" என்றாள். அவளிடம்தான் எனக்குப் பேச்சு வருகிறது. கொஞ்சம்.

ஏப்ரல் இரண்டைப் பற்றிச் சொன்னாள். அம்மா இத்தனை வருடமாகச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பாசி நன்றாக இருக்கும்போதே, மூச்சு விடுவதுபோல, ஒரு கந்தக வாயுவை விடுகிறது. கடலோரத்தில் மூக்கில் ஏறுகிற வாசனையில் அதுவும் இருக்கிறது. மேலே போனால் மேகம் உருவாகவும் கைகொடுக்கிறது. வேறு ஊரில் ஒரு விஞ்ஞானி, "நன்றாக இருக்கும்போது இல்லை, செல் உடையும்போதுதான் வாயு வெளியே வரும்" என்று எழுதிக்கொண்டே இருக்கிறார். அப்பா அவருக்கு மறுப்பு மாமா என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் தன் கருவியோடு அன்று இங்கேயே வருகிறார். மூத்தவளை வைத்தே அளந்து பார்க்கப் போகிறார்கள்.

"அதுவரைக்கும் இது உசுரோட இருக்கணும். அம்மாவோட மொத்தப் பொழப்பும் இந்தக் குடுவைதான்" என்றாள் அக்கா.

மொத்தப் பொழப்பும். சரி. நான் எதில் சேர்த்தி?

மார்ச் 11

அக்காவுக்கு வலி வந்துவிட்டது. இரண்டு வாரம் முன்னதாகவே. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போன் பண்ணினாள். "நாளைக்கு உணவு மாத்தணும்டி. புதுக் குடுவை, அலமாரியில இருக்கிற கடல்தண்ணி, அதுல இதை ஊத்து. நீயே பண்ணிடு... அய்யோ அம்மா..." லைன் போய்விட்டது.

நானா?

மார்ச் 12

செய்துவிட்டேன். புதுக் குடுவையின் அடியில் மங்கலாக ஒரு வளையம் இருந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, நுரை பொங்கப் பொங்க, மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று இருந்தது. சத்துக் கலந்த கடல்தண்ணீர், அதில் மூத்தவள், ஒரு சொட்டு சிந்தவில்லை. பழைய குடுவையையும் கழுவி வைக்க நினைத்தேன். கை அசந்துபோய்விட்டது. அப்படியே தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

அக்காவுக்குப் பெண் குழந்தை. இன்று எல்லாமே நல்லபடியாக.

மார்ச் 14

தண்ணீர் தெளிந்துகொண்டே வருகிறது. நிறம் எங்கே? சுழற்றிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ தூசி மாதிரி. காலையில் இருந்து ஒரு நாற்றம் வேறு. அவித்த முட்டைக்கோஸும் கடலோரமும் கலந்த மாதிரி.

அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்ன சமைக்கிற?" என்றார்.

ஒண்ணும் சமைக்கலப்பா. கொன்னுட்டேன்னு நினைக்கிறேன்.

அதை வாயால் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

மார்ச் 15

அக்காவுக்குப் போன் பண்ணினேன். குழந்தை அழுகிற சத்தத்துக்கு நடுவில், "எதுல கழுவின?" என்று கேட்டாள்.

"சோப்புல."

குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள்.

"சோப்புக் கூடாதுடி. எவ்வளவு அலசினாலும் கண்ணாடியில ஒட்டிக்கிட்டே இருக்கும். நாங்க நீர்த்த அமிலத்துல ஊறவச்சு, வெறும் தண்ணியிலதான் அலசுவோம். சொல்லாம விட்டது என் தப்பு." பிறகு, "பழைய குடுவை?"

ஓடிப் பார்த்தேன். கழுவாமல் கிடந்த குடுவையின் அடியில், கால் ஸ்பூன் இருக்கும், மங்கின டீ நிறத்தில் ஈரம். அக்கா சொன்னபடி அதில் கடல்தண்ணீரை மட்டும் ஊற்றி, விளக்கின் கீழே வைத்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "சுத்தம் கொன்னுது, சோம்பல் காப்பாத்துது. இதை உங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றார்.

கப்பலுக்குச் செய்தி அனுப்பினால் எப்போது படிப்பாள் என்று தெரியாது. கூப்பிடத்தான் வேண்டும். கப்பலின் தொலைபேசி மாலுமி அறையில் இருக்கிறது, ஒலிபெருக்கியில்தான் கேட்கும். அங்கே இருக்கிற எல்லோரும் கேட்பார்கள்.

ஒன்பதாவதில் எழுந்து நின்று படி என்றார்கள். குரல் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும். அப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

மார்ச் 16

கூப்பிட்டேன்.

ஒரு ஆண்குரல், "யார் பேசுறது?" என்றது. வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். அதே குரல். "டாக்டரம்மாவோட பொண்ணு" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "சத்தமா பேசும்மா, இங்க இன்ஜின் ஓடுது." பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்தோ, வேறு எதற்கோ.

அம்மா வந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சோப்பு, தெளிந்த தண்ணீர், நாற்றம், கால் ஸ்பூன். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நாத்தம் எப்போ வந்தது?" என்றாள்.

"என்னம்மா?"

"நல்லா இருந்தப்ப வாசனை இருந்துச்சா? இல்ல செத்தப்பதான் வந்துச்சா? நிதானமா யோசிச்சு சொல்லு."

யோசிக்க ஒன்றும் இல்லை. இத்தனை நாள் மேசையில் அதற்குப் பக்கத்தில்தான் சாப்பிடுகிறேன். ஒருநாளும் வாசனை இல்லை. அம்மாவுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். முன்னாடியே லேசா இருந்துச்சும்மா — இவ்வளவுதான், சொல்லியிருக்கலாம். கொன்றதும் நான், பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"செத்தப்பதாம்மா."



"சரி. மூக்கு ஒண்ணும் கருவி இல்ல. அளந்துதான் பாக்கணும்" என்றாள். குரல் சரியில்லை. பிறகு, "சாப்பிட்டியா?"

மார்ச் 17

தூக்கம் இல்லை.

மார்ச் 21

நிறம்! குடுவைக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால்தான் தெரிகிறது. ஆனால் நிறம்தான்.

மார்ச் 26

டீ ஆகிவிட்டாள். தொட்டாலே பயமாக இருக்கிறது. இவள் பிழைக்க வேண்டும் என்று இப்படித் தவிக்கிறேனே, பிழைத்து அம்மாவையே தோற்கடிக்கப் போகிறாளா?

மார்ச் 29

அம்மா வந்துவிட்டாள். முகம் வெயிலில் கறுத்து, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அளவுக்கு மட்டும் வெளுப்பு. குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நல்லா வளத்திருக்க" என்றாள். நான் "சாரிம்மா" என்பதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 2

மறுப்பு மாமா குண்டாக, மீசையோடு, கர்ஜிப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டே இருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

ஆய்வகத்தில் வேலை முடிந்து மின்சாரம் வந்துவிட்டது. நான் மூலையில் ஒரு ஸ்டூலில். முதலில் நன்றாக இருக்கும் மூத்தவளின் தண்ணீரை, பாசிக்கு வலிக்காமல், வடிகட்டி வழியே சொட்டுச் சொட்டாகத் தானாக வடியவிட்டு, அதில் எவ்வளவு வாயு என்று அளந்தார்கள். திரையில் கோடு லேசாகத் தலை தூக்கிப் படுத்துவிட்டது. அடுத்து, அம்மா எப்போதும் செய்கிற மாதிரி, பம்பு போட்டு இழுத்து வடிகட்டி அளந்தார்கள். கோடு மலை மாதிரி ஏறியது.

 எனக்கே புரிந்தது. பம்பு இழுத்த இழுப்பில் செல்கள் உடைந்திருக்கின்றன. இத்தனை வருடமும்.

அம்மா, "இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவையும் அப்படியே. "இன்னும் ஒரே தடவை." அப்படியே.

அம்மா கையுறையைக் கழற்றினாள். "நீங்க சொன்னதுதான் சரி."

அவர் மிட்டாயை ஒரு கன்னத்தில் இருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "பாதிதான் சரி. உங்க பாசிக்குள்ள நான் நினைச்சதைவிட எவ்வளவோ அதிகமா வாயு இருக்கு. அது வெளிய வரணும்னா உடையணும். கடல்ல பம்பு இல்லையே. யாரு உடைக்கிறா?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 3

"ரொம்ப வருத்தமாம்மா?" என்று கேட்டேன்.

"நீ போன் பண்ணின அன்னிக்கே கப்பல்ல அழுது முடிச்சுட்டேன். சமையல்காரர் பயந்துபோய் ரெண்டு முட்டை சேர்த்துப் போட்டார்."

பிறகு, "நீ மாத்திச் சொல்லியிருந்தா, நம்பியிருப்பேன்" என்றாள்.

ஏப்ரல் 9

அம்மா வீட்டில் இருக்கிறாள். பழைய கட்டுரைக்குத் திருத்தம் எழுதுகிறாள். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? ஆனால் அவள் நடக்கிறாள். ஜன்னல், மேசை, ஜன்னல். அப்பா, "ரெண்டு பேரும் சேர்ந்து தரையைத் தேய்ச்சுடாதீங்க" என்கிறார்.

ஏப்ரல் 13

பாசியைத் தின்கிற குட்டிப் பிராணிகள் கடலில் இருக்கின்றனவாம். அவை மெல்லும்போது வாயு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொழுது விடியும்போதும் சாயும்போதும் படகில் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். பாட்டிலுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வாயு அதற்குள் ஏறிவிடும்; வந்த உடனே அளக்காவிட்டாலும் போய்விடும். அதனால் அம்மா கருவியை விட்டு நகர முடியாது. அக்காவுக்குக் கைக்குழந்தை.

சாப்பிடும்போது அம்மா யார் போவது என்று அப்பாவிடம் புலம்பினாள். என்னை அவள் கேட்கவே இல்லை.

"நான் போறேன்" என்றேன். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

ஏப்ரல் 19

காலையில் படகில் ஏறியதும் வாந்தி, இரண்டு முறை. அம்மா குறித்துக் கொடுத்த இடத்தைப் படகு தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. படகுக்காரர் முன்னால் பார்த்து ஏதோ பாடிக்கொண்டிருந்தார். "அண்ணா" என்றேன். காற்று கொண்டுபோய்விட்டது. இன்னொரு முறை.

"நிறுத்துங்கண்ணா!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "காது கேக்குதும்மா, ஏன் இந்தக் கத்து கத்துற?" என்று இன்ஜினை அணைத்தார்.

குனிந்து, முழங்கை வரை நீருக்குள் விட்டு, பாட்டிலை நிரப்பி, உள்ளேயே வைத்து மூடினேன். தூக்கிப் பார்த்தால் மூடிக்குக் கீழே ஒரு காற்றுக்குமிழி.

கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பினேன்.