அறுபது ஹெர்ட்ஸ் மெஷின்

அஸ்தினாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த கையோடு.

அன்புள்ள அருணுக்கு அம்மாவின் ஆசிகள். இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அதில் உன் அப்பா சௌக்கியமாகி ஒரு வாரம்தான் ஆகிறது, இருந்தாலும் சௌக்கியம் சௌக்கியம்தான். ஹூஸ்டனில் நீயும் ஜெயப்ரியாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற பிள்ளைக்கு எதற்குப் பேப்பரும் பேனாவும் என்று நீ கேட்பாய். வீடியோவில் பேசினால் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் குளிக்கப் போன நேரத்தில் என் போனை எடுத்து ஒரு எழுத்து விடாமல் படிக்கிறார். அவர் கண்ணில் படாமல் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதனால் உன் ஆபீஸ் கேஷவ் ஹூஸ்டனுக்குத் திரும்பும்போது அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். லீவில் வரும்போது நீ அனுப்பிய மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து தோள்பட்டை பிடித்துக்கொண்ட பிள்ளை, போகும்போதாவது எடையில்லாமல் போகட்டும். எடை எல்லாம் உள்ளே எழுதியிருப்பதில் இருக்கிறது.

முதலிலிருந்தே சொல்கிறேன், பிறகு எனக்குத் தெரியாது என்று நீ சொல்லக் கூடாது. உன் அப்பா மறைமலை நகர் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் ஸ்ப்ரே புகை குடித்து வாங்கி வைத்த நுரையீரல் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். மழை ஆரம்பித்ததும் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார், டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்தே தீர வேண்டும் என்றார். கீழ்க்கட்டளையில் வாடகைக்குக் கிடைக்கிறது, போன் செய்தால் மத்தியானமே கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள் என்று நர்ஸ் நம்பர்கூடக் கொடுத்தாள். கொண்டுவந்தார்கள், மாட்டினார்கள், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீதான் போனில் குதித்தாய். "வாடகை மெஷின்லாம் யார் யார் மூச்சு விட்டதோ, அதைத் திருப்பிக் குடுத்துடுங்க, இங்க ஒரு ஹாஸ்பிடல் கிரேட் மெஷின் இருக்கு, கேஷவ்கிட்ட குடுத்தனுப்பறேன்" என்றாய். யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மூச்சுவிட்ட பழைய மெஷின் அது என்று பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்கார மூச்சு என்றால் சுத்தம் போலிருக்கிறது.

மெஷின் வந்தது. உன் அப்பாவுக்கு மகனே நேரில் வந்து இறங்கிய மாதிரி. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், எதிர்வீட்டு மாடிக்கும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார். நான் முதல் வேலையாகப் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று ஆணி அடித்த மாதிரி எழுதியிருந்தது. நம் ஊர்க் கரண்ட்டோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அன்றைக்கு வீடியோவில் அதை உன்னிடம் காட்டினேனா இல்லையா? அதற்கு நீ சிரித்துக்கொண்டே "அம்மா, ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு வாங்கிப் போடு, அது எல்லாத்தையும் மேட்ச் பண்ணிடும்" என்றாய். வோல்ட் மேட்ச் ஆகும், ஹெர்ட்ஸ் ஆகாதே என்றேன். "நீ பாடம் எடுத்த காலத்து மெஷின் இல்லம்மா இது" என்றாய். உன் அப்பா உடனே "அவன் அமெரிக்காவுல இருந்து சொல்றான்" என்று தீர்ப்பு கொடுத்தார். பாலிடெக்னிக்கில் இருபது வருஷத்துக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தவள் நான். ஏசி மெஷின்ஸ் பேப்பரை இரண்டாம் தடவை எழுதிப் பாஸ் செய்தவன் நீ. வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது, இரண்டுக்கு ஒன்று, நான் தோற்றேன். வாடகை மெஷினை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினோம். குரோம்பேட்டையில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிற எட்மண்ட்டிடம் போய் ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்டேன். ஹெர்ட்ஸ் விஷயத்தை அவனிடமும் சொன்னேன். "மேடம், அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நான் எத்தினி அமெரிக்கா மிக்ஸி ஓட்டிக்கீறேன், கல்லு மாதிரி ஓடும்" என்றான். மிக்ஸி சட்னி அரைக்கிறது, இது மனுஷனுக்கு மூச்சு கொடுக்கிறது என்ற வித்தியாசம் ஹூஸ்டனுக்கும் தெரியவில்லை, குரோம்பேட்டைக்கும் தெரியவில்லை.

உனக்கு மறந்திருக்கும், அல்லது அன்றைக்கு நீ கிளாஸில் இருந்திருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். ட்ரான்ஸ்ஃபார்மரில் ஓர் இரும்பு, அதன்மேல் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு கம்பிச் சுருள், அவ்வளவுதான். முதல் சுருளில் கரண்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது, அந்த ஆட்டத்துக்கு இரும்புக்குள் காந்தம் ஆடுகிறது, காந்தம் ஆடுவதால் இரண்டாவது சுருளில் வோல்ட் பிறக்கிறது. இரண்டாவது சுருளில் பாதிச் சுற்று இருந்தால் பாதி வோல்ட். ஆனால் ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆட்டம் என்கிற கணக்கு, இந்தப் பக்கம் நொடிக்கு ஐம்பது தடவை ஆடினால் அந்தப் பக்கமும் ஐம்பதுதான். ட்ரான்ஸ்ஃபார்மர் என்ன, தாம்பரம் சப்ஸ்டேஷனையே தூக்கிக்கொண்டு வந்து வைத்தாலும் ஐம்பது அறுபதாகாது. உன் மெஷினுக்குள் காற்றை அழுத்துகிற மோட்டாரோ அறுபதுக்கென்று செய்தது. ஐம்பது கொடுத்தால் ஆறு சுற்று சுற்றுகிற நேரத்தில் ஐந்துதான் சுற்றும். சுற்று குறைந்தால் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் ஆக்சிஜன் குறையும். இதோடு போனாலும் பரவாயில்லை. மோட்டாரின் சுருள், ஆட்டம் மெதுவானால் கரண்ட்டைத் தடுக்கிற பலம் குறைந்து கூடுதலாக உள்ளே விடும். அதோடு ஜோடி சேர்த்திருக்கிற கெபாசிட்டர் நேர் எதிர், ஆட்டம் மெதுவானால் கூடுதலாகத் தடுக்கும். இரண்டும் அறுபதுக்கென்று பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த ஜோடி. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதும் இந்த ஜோடியை வைத்துத்தான், ஒன்று தடுப்பதை மற்றது சரிக்கட்டுகிற ஒரே ஒரு ஆட்டத்தில்தான் பாட்டு கணீரென்று கேட்கும், கொஞ்சம் தள்ளினால் இரைச்சல். உன் மெஷினில் பாட்டும் இல்லை ஸ்டேஷனும் இல்லை, பொருத்தம் தப்பியதும் மோட்டார் சூடு ஏறியது. அதை ஆற்ற வேண்டிய ஃபேனும் அதே ஐம்பதில் சோம்பலாகச் சுற்றியது.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. வீட்டில் நடந்ததைக் கேள். மெஷின் முன்பக்கம் பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் மஞ்சள் எரிந்தது, ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். உன்னிடம் சொன்னேன். "அது சென்சார் காலிபரேஷன்மா, கண்டுக்காத" என்றாய். உன் அப்பா கண்டுகொள்ளாமல் இருப்பதற்காக அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினார். ஆமாம், என் பொட்டு. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் எண்ணைக் குறைத்துக் காட்டியது, உடனே விரலைப் பரபரவென்று தேய்த்துத் தேய்த்து மறுபடி மாட்டினார், அப்போதும் குறைவாகக் காட்டியதும் மீட்டர் சரியில்லை என்று டிராயரில் போட்டு மூடினார். எதிர்வீட்டிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் "யுஎஸ் மெஷின், பையன் அனுப்பினான், சத்தமே கேளுங்க, கம்பீரமா இல்ல?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்தக் கம்பீரம் மோட்டார் திணறுகிற சத்தம் என்று நான் சொன்னதற்கு, பிள்ளை எது செய்தாலும் எனக்கு ஆகாது என்று பட்டம் கிடைத்தது. நான் கீழ்க்கட்டளைக்குத் திரும்பப் போன் செய்தேன், மழைக்காலத்தில் எல்லா மெஷினும் வெளியே போயிருக்கிறது, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள்.

அது வருவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. காலை காபி குடித்துவிட்டு உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஹாலில் சத்தம் நின்றது. ஒரு தீய்ந்த வாசனை. சூடு தாங்காமல் மோட்டார் தானாகவே கட் ஆகியிருந்தது. அவர் குழாயை மூக்கிலிருந்து எடுக்கவில்லை, எழுந்து மெஷினைத் தட்டிக்கொடுக்கப் போயிருக்கிறார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. இரண்டு அடி வைத்தவர் சோபா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலமாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், என்னைப் பார்க்கிறார், ஆனால் நான் யார் என்று யோசிக்கிற மாதிரி பார்க்கிறார். அருண், அந்தப் பார்வையை நான் உனக்கு எழுதத் தெரியாமல் விட்டுவிடுகிறேன். கீழ் வீட்டு ஜெயசீலி ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், என் சத்தத்தைக் கேட்டு ஈரக் கையோடு மாடியேறி வந்தாள். நான் அப்போதும் மெஷினின் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரளாக்கா, அத்த வுடுங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்று ஒரு அதட்டு போட்டு, அவரை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லி அவளும் கூடவே ஊதினாள். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை. இன்றைக்கு உனக்கு அப்பா இருக்கிறார் என்றால் அது அவள் ஊதியது. ஜிஎஸ்டி ரோடில் நாம் எப்போதும் திட்டித் தீர்க்கிற அந்த டிராஃபிக் அன்றைக்கு வழி விட்டது.

மறுநாள் நீ பேசியபோது, கரண்ட் கட் ஆகி மெஷின் நின்றுவிட்டது என்று உன் அப்பா வார்டிலிருந்தே சொன்னார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ இந்தியாவின் மின்சாரத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தாய், செய்துவிட்டு, வீட்டு வாசலுக்கே ஒரு இன்வெர்ட்டரும் அனுப்பிவைத்தாய், 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். பரவாயில்லை, இந்தத் தடவை தகட்டைப் படித்திருக்கிறாய். ஆனால் அட்டைப்பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தாயா? கரண்ட்டின் அலை வளைந்து வளைந்து ஏறி இறங்க வேண்டும், அதில் மாடிப்படி மாதிரி ஏறி இறங்குகிறது. அப்படிப்பட்ட படிக்கட்டுக்குள் அறுபது மட்டும் இருக்காது, நூற்றெண்பது, முந்நூறு என்று அழையாத விருந்தாளிகளெல்லாம் கூடவே இருப்பார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்துவதற்குத்தான் ஃபில்டர் என்று ஒன்று வைப்பது, வேகமாக ஆடுவதைச் சுருள் தடுக்கும், அதையும் தாண்டி வருவதைக் கெபாசிட்டர் குறுக்கே இழுத்துத் தள்ளிவிடும், அறுபது மட்டும் சுத்தமாக உள்ளே போகும். நீ அனுப்பியதில் அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே வெந்த மோட்டாருக்கு அதைக் கொடுத்தால் இன்னும் வேகும். பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன், உனக்கு மெசேஜ் வந்திருக்கும். உன் மெஷின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இப்போது ஹாலில் கீழ்க்கட்டளை மெஷின் ஓடுகிறது, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பச்சை விளக்கு. பார்ப்பதற்குக் குப்பைத்தொட்டி மாதிரி இருக்கிறது என்று உன் அப்பா சலித்துக்கொள்கிறார், இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

இனி நான் சொல்ல வந்தது. அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை அருண். தெரு முழுக்க ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வார்டில் கண் தெளிந்ததும் உன் அப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வலிக்கிறது என்று சொல்வார், தண்ணீர் கேட்பார் என்று குனிந்தேன். முகத்திலிருந்த மாஸ்க்கைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சரளா, அருண்கிட்ட கரண்ட் போச்சுன்னு சொல்லிடு. மெஷின் நல்லாத்தான் ஓடிச்சு. ஆசையா அனுப்பினான் பாவம்" என்றார். இத்தனையையும் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி முகம் கறுத்துப்போய், நர்ஸ் ஓடிவந்து சத்தம் போட்டு மாஸ்க்கை அழுத்தி வைத்தாள். ஆக்சிஜனைக் கழற்றிவைத்துவிட்டு உனக்காகப் பொய் ஏற்பாடு செய்கிற மனுஷனிடம் நான் என்ன சண்டை போடுவது? சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். உன்னை அழவைப்பதற்காக இல்லை. அழுதாலும் தப்பில்லை, கொஞ்ச நேரம் அழு, பிறகு டிக்கெட் போடு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நுரையீரல் இனிமேல் தேறாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். உனக்கு அங்கிருந்து மெஷின் அனுப்பத் தெரிகிறது, பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை. இதை வேறு மாதிரி இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது.

ஜெயப்ரியாவை அரவணைத்துப் போ, வேலை வேலை என்று அவளைச் சாப்பிடாமல் விடாதே. உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் சேரட்டும், நீண்ட ஆயுளும் நல்ல மூச்சும் கிடைக்கட்டும். பொங்கல் வரைக்கும் காத்திராமல் வா. வந்ததும் உன் அப்பா உன் கையைப் பிடித்து உட்காரவைத்து, நீ அனுப்பின மெஷின் ராஜா மாதிரி ஓடிச்சுடா, அன்னிக்குக் கரண்ட்தான் காலை வாரிடுச்சு என்று சொல்லுவார். இடையில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொல்லுவார். நீ அவசரப்படாமல் முழுவதும் கேட்டுவிட்டு, ஆமாம்பா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தா. சரளா