இன்னும் ரெண்டே ரெண்டு ஆட்டம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கச்சி மூன்று பேரும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதனால் அதைத் தனியாகக் கேட்கவில்லை. போனில் என்றால் சரிம்மா, வைக்கிறேன்மா என்று என்னை வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் படித்துவிட்டுக் கிழி.

இன்றைக்குப் புதன்கிழமை, பகல் பதினொரு மணி. நான் வீட்டில் இருக்கிறேன். ஆமாம், லீவு போட்டிருக்கிறேன். பதினொரு வருஷமாக ஒரு மாசம்கூட, லீவே போடாதவர்களுக்குத் தருகிற வருகைப் போனஸை விடாதவள் லீவு கேட்டதும் சூப்பர்வைசர் அம்மா நம்பவே இல்லை. வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டாள். அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் லீவு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பாவம், குழம்பிப் போயிருப்பாள்.

வேலை நாளில் இந்த வீடு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மேல்வீட்டுக்காரர்கள் நாள் முழுக்க நாற்காலியை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா லாரியை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடக்கிறார். உன் தங்கச்சிக்கு அடுத்த வாரம் பரீட்சை. புத்தகம் திறந்திருக்கிறது, கண் வேறெங்கோ இருக்கிறது. உன் ஆட்டம் டிவியில் வந்தால் அப்பா இன்னமும் நின்றுகொண்டேதான் பார்க்கிறார். உட்கார்ந்தால் எதிர் டீம் கோல் போடுமாம். கால் வீங்கினாலும் வீங்கட்டும், மனுஷன் உட்கார மாட்டார்.

சரி, சுற்றி வளைத்தது போதும். எனக்குப் பயமாக இருக்கிறது ராசா. மூன்று வாரமாக இருக்கிறது.

அந்த ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்ட எகிறினாய். எதிர் டீம் நெட்டையனும் எகிறினான். இரண்டு தலையும் மோதின. நீ விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கை ஊன்றாமல் விழுந்தாய். ஓடிவந்த டாக்டரிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்து ஓடினாய். அப்பா கை தட்டினார். நானும் தட்டினேன். அடுத்த வாரம் இடைவேளை முடிந்து எல்லாரும் பக்கம் மாறி நிற்க, நீ மட்டும் பழைய பக்கமே நடந்தாய். கூட ஆடுகிறவன் உன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். டிவியில் பேசுகிறவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒன்பது மணிக்குப் போன் பண்ணினாய். புது பூட்ஸ் கடிக்கிறது, சாமான் பார்த்துக்கொள்கிற அண்ணன் அதற்குள் ஈர நியூஸ்பேப்பர் திணித்து வைத்திருக்கிறார், என் காலைவிட பூட்ஸுக்குத்தான் வைத்தியம் பலமாக நடக்கிறது என்று சொன்னாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் போன். திரும்பவும் பூட்ஸ், திரும்பவும் நியூஸ்பேப்பர், வார்த்தை மாறாமல் அதே வைத்தியம். நீ என்னைச் சீண்டுகிறாய் என்று நினைத்து நானும் அதே இடத்தில் சிரித்தேன். காலையில் சொன்னதுதானே என்று நான் கேட்டதற்கு, காலையிலா என்று திருப்பிக் கேட்டாய். பிறகு, சும்மா சொன்னேன்மா என்றாய். போனை வைத்த பிறகுதான் அது சீண்டல் இல்லை என்று எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், உன் தங்கச்சி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னிடம் போனில் அதட்டிக்கொண்டிருக்கிறாள். மாசத்தைத் தலைகீழாகச் சொல்லச் சொல்கிறாள். டிசம்பர், நவம்பர், அக்டோபர். அதற்கு முன்னாடி என்னடா, அதற்கு முன்னாடி என்னடா என்று நாலு தடவை கேட்டாள். அப்புறம் அவள் அழுகிற சத்தம்தான் கேட்டது. அவளைத் திட்டாதே. நான்தான் கதவைத் தட்டி, கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். கிளப் டாக்டர் கேட்கிற கேள்விகளை நீ முன்கூட்டியே மனப்பாடம் செய்வதையும், வெளிச்சம் பட்டால் கண் கூசுவதையும், இரண்டு தடவை வாந்தி எடுத்து ரூமில் இருக்கிறவனிடம் சாப்பாட்டின்மேல் பழி போட்டதையும் எல்லாம் கொட்டிவிட்டாள். இன்னும் ரெண்டே ரெண்டு ஆட்டம், அதுவரைக்கும் அம்மாவிடம் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாயாம். நல்ல அண்ணன்டா நீ.

அந்த ரெண்டே ரெண்டு ஆட்டத்துக்கு நான்தான் காரணம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினேழு வயசு, அதனால் பெற்றவர்களும் போட வேண்டும் என்று எங்களை வரவழைத்தார்கள். கண்ணாடி மேஜை. ஏசி குளிரில் அப்பா தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளப் மேனேஜர் இரண்டு விதமாகச் சொன்னார். சீசனில் இருபத்தைந்து ஆட்டம் ஆடினால் ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு நீளும், அடிபட்டு வெளியே உட்காருகிற ஆட்டமும் அதில் சேரும். அல்லது இருபது ஆட்டம் போதும், ஆனால் அடிபட்டு உட்கார்ந்தால் அது சேராது. இரண்டிலுமே, ஆடுகிற ஆட்டம் கணக்கில் சேர அறுபது நிமிஷமாவது களத்தில் நிற்க வேண்டும், எண்ணிக்கை எட்டாவிட்டால் சீசனோடு முடிந்தது. உன் ஏஜென்ட் முதலாவதை எடுக்கச் சொல்லித் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். நான்தான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் லீவு போடுகிற பழக்கமே கிடையாது, இருபதே போதும் என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். பேரம் பேசி ஐந்தைக் குறைத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

எங்கள் கம்பெனியில் காலையில் கேட்டைத் தாண்டினால் வருகை. அது நம் கையில் இருக்கிறது. உன் வேலையும் அப்படித்தான் என்று நினைத்தேன். உனக்குக் கேட்டைத் திறப்பதும் கோச்சுதான், மூடுவதும் கோச்சுதான் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. போன சனிக்கிழமை ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில் பலகையில் உன் நம்பரைக் காட்டி வெளியே கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு ஆட்டத்திலும் ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிஷம் தாங்காத களைப்பா உனக்கு? அவர்களும் எண்ணுகிறார்கள், நீயும் எண்ணுகிறாய். பதினெட்டில் நிற்கிறாய், சீசனில் இன்னும் மூன்று ஆட்டம்தான் பாக்கி. அதனால்தான் தலைவலியை விழுங்கிக்கொண்டு ஓடுகிறாய்.

இப்போது நான் சொல்லப்போவது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். என் இடது ஆள்காட்டி விரலுக்கு நுனி எங்கே என்று சின்ன வயசில் கேட்டுக்கொண்டே இருப்பாய். கதவில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவைத்தேன். அது பொய். அந்த மாசம் இன்னும் இரண்டு நாள் போனால் வருகைப் போனஸ். காய்ச்சல் கொதித்தது. வீட்டுக்குப் போ என்று சூப்பர்வைசர் அம்மா சொன்னாள். இன்னும் ரெண்டே ரெண்டு நாள்தானே என்று சொல்லிவிட்டு, சட்டைக்கு பிரஸ் பட்டன் அடிக்கிற மெஷினில் உட்கார்ந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலால் பெடலை மிதித்துவிட்டேன், கையை எடுக்கவில்லை. அடுத்த நாள் கட்டுப் போட்ட கையோடு வேலைக்குப் போய் அந்தப் போனஸை வாங்கினேன். அதில்தான் உனக்கு முதல் பூட்ஸ் வாங்கினேன் என்று பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன். விரல் என்றால் ஒன்பதரையை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். உனக்கு அடிபட்டிருப்பது தலையில் ராசா.

இப்போது உனக்குக் கோபம் வரப்போகிறது. வரட்டும். இன்று காலை கிளப் டாக்டருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா முதலில் வேண்டாம் என்றார். பையன் நம்மை மன்னிக்கவே மாட்டான், இன்னும் இரண்டு ஆட்டம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம் என்றார். நான் விரலைக் காட்டினேன். அவரே எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துவந்து, அதிலிருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தார். டாக்டர் நல்ல மனுஷனாகத்தான் பேசினார். நாளைக்கே உன்னைச் சோதிக்கிறாராம். சனிக்கிழமை உனக்கு ஆட்டம் கிடையாது, குறைந்தது மூன்று வாரம் பந்தைத் தொடவே கூடாது என்றார். மூன்று வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவரும் கிளப் சம்பளம் வாங்குகிறவர்தான். அவர்களுக்கு இது வசதியாகவே போயிருக்கும். நானே தட்டில் வைத்துக் கொடுத்தமாதிரிதான் ஆயிற்று. ஏஜென்ட் என்னைப் பைத்தியம் என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கூரியர்காரன் சனிக்கிழமை சாயங்காலம் சேர்ந்துவிடும் என்கிறான். அப்படியென்றால் நீ இதைப் படிக்கிற நேரம் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். உன் இடத்தில் வேறொருவன் ஓடிக்கொண்டிருப்பான். நீ ரூமில் திரையை இழுத்துவிட்டு, என் போனை எடுக்காமல் உட்கார்ந்திருப்பாய். நாளைக்கு உனக்கு வேறு கிளப் கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்பதும் தெரியாது. எட்டு வயசிலிருந்து நீ வேறு எதையும் கேட்டதில்லை. அதை நானே பறித்துவிட்டேன். செய்தது சரிதான் என்று ஒரு மணி நேரம் தோன்றுகிறது, அடுத்த மணி நேரம் டாக்டருக்குத் திரும்பப் போன் பண்ணி எல்லாம் பொய் என்று சொல்லிவிடலாமா என்று எழுந்து போகிறேன். இந்தக் கடிதம் விட்டு விட்டு எழுதியதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வெளிச்சத்தில் உட்காராதே. செல்போனை நோண்டாதே. வாந்தி வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல். சீசன் முடிகிறவரை காத்திருக்க வேண்டாம், அப்பா லாரி வந்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு வரத் தயாராக இருக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதே. இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணி என்னைத் திட்டு. வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டு. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு தடவை திட்டியதையே திரும்பத் திட்டாதே கண்ணு, ஒவ்வொன்றும் புதுசாக இருக்கட்டும். நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ நூறு வயசு இருக்க வேண்டும். அந்த நூறு வயசும் அம்மாமேல் கோபமாகவே இருந்தாலும் சரி. என்ன கோபம் என்பது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

உன் போனுக்காக உட்கார்ந்திருக்கிற,
அம்மா