சபுரா அக்கா கட்டித் தந்த சாப்பாடு

மார்ச் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. மறுபடியும் வயிறு. செங்காங்கில் ரயில் ஏறி ஜாலான் புசார் ஆபீஸுக்கு வருவதற்குள் இரண்டு ஸ்டேஷனில் இறங்கி டாய்லெட் தேடல். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

சீலியாக் என்று தெரிந்து இரண்டு வருடம். கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் கெட்டுவிடும். வீட்டில் கோதுமையே கிடையாது. வெளியே வாங்குவது ஆபீஸ் பக்கத்துக் காப்பிக் கடையில், சபுரா அக்காவிடம் மட்டும். மதியச் சாப்பாடு. எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி.

சந்தேகம்: பெருங்காயம் (மாவு கலக்கிறார்கள்). சோயா சாஸ். பரோட்டா மாவு (அக்கா அதே கடையில் பரோட்டாவும் போடுகிறார்)??

மார்ச் 4, புதன்

கேட்டேவிட்டேன். "பரோட்டா மாவு பறந்து என் சாப்பாட்டுல விழுது அக்கா. தனிச் சட்டின்னு சும்மா சொல்றீங்க."

"சும்மாவா?" என்றார்.

வாங்காமல் வந்துவிட்டேன். மதியம் இரண்டு வாழைப்பழம்.

மார்ச் 11, புதன்

நல்ல வெயில். ஒரு வாரமாக வீட்டுச் சாப்பாடு. வயிறு பரவாயில்லை. ஆக, அக்காதான். யாரையும் நம்பி ஒரு வாய் சாப்பிட முடியாதா? அலுப்பு. துணி எடுக்க மறந்தாச்சு.

மார்ச் 16, திங்கள்

மேசை டிராயர் சுத்தம். ஸ்டேப்ளர் பின் போட அக்காவிடம் கேட்டு வாங்கிய காலிப் பெட்டி. இரண்டு மாதமாகச் சாப்பாடு வந்ததும் இதே பழுப்புப் பெட்டியில்தான். அடியில் பொடி எழுத்து: கோதுமை வைக்கோலில் செய்தது.

கிளினிக் டயட்டீஷியனுக்கு ஃபோன். "வைக்கோல்ல கோதுமை மணி ஒட்டியிருக்கலாம். சூடான குழம்புல இறங்கலாம், இறங்காமலும் போகலாம். டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. அதுல சாப்பிடாதீங்க லா."

பெட்டியா, மாவா, எது என்று இனித் தெரியப்போவதில்லை. பெருங்காய டப்பாவையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்தவள் இதைத் திருப்பவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

தூறல். பெட்டியோடு போனேன். அக்கா கண்ணாடியை மாட்டி மெதுவாகப் படித்தார்.

"பிளாஸ்டிக்ல சூடா போட்டா ஆகாதுன்னு உங்களுக்காகத்தான் மாத்தினேன்."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். பரோட்டாக் கல் இருந்த இடம் காலி. ஏன் என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன அன்னிக்கே எடுத்துட்டேன்ம்மா. மாவு இல்லன்னா திரும்பி வருவீங்கன்னு நெனச்சேன்."