ஒன்பதாம் நாள் கரை ஒதுங்கிய பலகை

மாப்பிள்ளை,

நேற்று ஒரு வழக்கின் பொருட்டுக் கம்பத்தில் திராட்சை வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். எந்திர அறையில் எங்கோ குழாய் கசிந்து அமோனியா நெடி முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வந்தது. உடன் வந்த குமாஸ்தா, "என்ன சார், அழுகுறீகளா?" என்றார். அது அமோனியாவால் வந்த நீர் என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்கிறேன். உங்களுக்காக நான் அழுததில்லை.

ராட்சதக் கணவாயின் உடம்பில் அந்த நெடிதான் வீசும் என்று என் வீட்டில், வாயில் சோற்றுடன், நீங்கள் விளக்கியிருக்கிறீர்கள். அதன் சதையில் ஊறியிருக்கும் அமோனியா உப்புநீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகவே அது அதிகம் நீந்தாமலே ஆழத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். செத்தாலோ மேலே வந்து மிதக்கும். மூன்று இதயங்கள், நீல ரத்தம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கண். உணவுக்குழாய் மூளையின் நடுவே புகுந்து போவதால், இரையைக் கிளிமூக்கு போன்ற அலகால் பொடியாக நறுக்கித்தான் விழுங்குமாம். "பெரிய கவளமா முழுங்குனா மூளை நசுங்கிரும் மச்சான். உங்களுக்கு அந்தக் கவலை இல்ல, நல்லா அள்ளிப் போடுங்க" என்றீர்கள். என் தங்கை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உத்தமபாளையத்தில் விலங்கியல் விரிவுரையாளர் நீங்கள். அதுவரை கடலை மூன்று முறை பார்த்திருந்தீர்கள். உங்களிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "அதை ஆழ்கடலில் உயிரோடு நேரில் பார்த்த சாட்சி ஒருவராவது உண்டா?"

"இல்ல. ஆனா திமிங்கலத்து வயித்துல அலகு அலகாக் கிடக்கு. அதோட தோல்ல வட்ட வட்டமா கணவாய்க் கை உறிஞ்சுன தழும்பு இருக்கு. அம்புட்டும் பொய்ச் சாட்சியா?"

"அவை சந்தர்ப்ப சாட்சியம். முடிவுக்குப் போதாது."

"இதை வச்சு மனுசனைத் தூக்குல போடுவீக. என் கணவாய்க்கு உயிர் குடுக்க மட்டும் மாட்டீகளாக்கும்!"

ஆறு ஆண்டுகள் இந்த ஒரே வாதம். ஒருமுறைகூட நான் விட்டுக்கொடுக்கவில்லை.

2002 மே மாதம், தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளையாகப் பெரிதாக ஒன்று மிதப்பதைக் கண்டதாகச் சொன்னார். காற்று சரியில்லை என்று வானொலியில் சொன்னதாகத் தங்கை தடுத்தாள். "ரெண்டு நாள்ல வந்துருவேன்" என்று கிளம்பினீர்கள். செத்த கணவாய் ஒன்றுக்காக, மணமாகி ஆறே ஆண்டுகள் ஆன மனைவியை வாசலில் நிறுத்திவிட்டுப் போனீர்கள். இதற்கு மென்மையான சொல் எதுவும் என்னிடம் இல்லை. படகும் அதிலிருந்த மூன்று மீனவர்களும் நீங்களும் திரும்பவில்லை.

ஒன்பதாம் நாள் படகின் எண் எழுதிய பலகை ஒன்று கரை ஒதுங்கியது. நான் நேரில் போய்ப் பார்த்தேன். படகின் உரிமையாளர் அந்த எண்ணைத் தடவிக்கொண்டே, "இது எம் படகுதான்யா. இனி வரமாட்டாக. அந்தப் பிள்ளைட்ட சொல்லிருங்க" என்றார். நான் புகைப்படம் எடுத்தேன், வாக்குமூலம் எழுதி வாங்கினேன், ஊருக்கு வந்து தங்கையிடம் சொன்னேன்: "உடல் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால் சட்டம் இறந்ததாக ஊகிக்கும். அதுவரை காத்திரு."

அவள் அரசு மருத்துவமனைச் செவிலி. அங்கே மருந்தாளுநராக இருந்தவர் மனைவியை இழந்தவர், நிதானமானவர். நீங்கள் போன மூன்றாம் ஆண்டு என் அலுவலகத்துக்கு வந்து அவளைப் பெண் கேட்டார். தங்கைக்குச் சம்மதம். இதை நீங்கள் அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன். நான் சட்டத்தைச் சொன்னேன்: கணவர் இறந்தது நிலைநாட்டப்படாமல் மறுமணம் செய்தால் அது குற்றம். அவர் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார்.

அதே ஆண்டுதான் செய்தித்தாளில் அந்தப் படம் வந்தது. ஜப்பானியர்கள் இரை கட்டிய கயிற்றில் கேமராவை ஆழத்தில் இறக்கி, உயிருள்ள ராட்சதக் கணவாயைப் படம் பிடித்துவிட்டார்கள். பொறுத்திருந்தால் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளை நான் கிழித்துப் போட்டேன்.

அடுத்த ஆண்டு மருந்தாளுநர் மறுபடி வந்தார். "சார், இன்னும் எம்புட்டு நாளு சார்? ஆத்தா ரொம்ப நெருக்குது."

"இரண்டு ஆண்டு ஏழு மாதம்" என்றேன்.

அடுத்த தை மாதம் அவருக்குப் போடியில் திருமணம் நடந்தது. தங்கை அன்று விடுப்புக்கூட எடுக்கவில்லை.

2009இல் ஏழு ஆண்டுகள் நிறைந்ததும், உங்களை இறந்தவராக அறிவிக்கக் கோரி வழக்குத் தொடுத்தேன். ஆவணங்களைப் புரட்டிய நீதிபதி, பலகையின் புகைப்படம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். "இது எப்போது கிடைத்தது?"

"ஒன்பதாம் நாள், ஐயா."

"படகு மூழ்கியதற்கு இவ்வளவு சாட்சியம் இருந்திருக்கிறதே. அப்போதே மரணத்தை நிரூபித்து உத்தரவு கேட்டிருக்கலாமே. ஏழு ஆண்டுகள் எதற்குக் காத்திருந்தீர்கள்?"

சட்டம் எனக்குத் தெரியாதது அல்ல. வேறு எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்தப் பலகையையும் வாக்குமூலத்தையும் காற்று எச்சரிக்கையையும் வைத்து முதல் ஆண்டிலேயே வாதாடியிருப்பேன். சொந்தத் தங்கை விஷயத்தில், தள்ளுபடியாகிவிடுமோ என்று அஞ்சி, மறுக்க முடியாத ஏழு ஆண்டின் பின்னால் ஒளிந்துகொண்டேன். திமிங்கலத்தின் வயிற்றிலிருந்த அலகை வைத்து நீங்கள் வாதாடியதுபோல நான் ஒரு பலகையை வைத்து வாதாடியிருந்தால், அவள் வாழ்வு வேறாக இருந்திருக்கும். உங்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் நீங்கள் எடுத்தது அவளுடைய ஆறு ஆண்டுகள். அடுத்த ஏழையும் எடுத்தவன் நான்.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. நீதிமன்ற வாசலில் தங்கை கைப்பையில் பேருந்துக்குச் சில்லறை தேடிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்:

"அண்ணே, ஜட்ஜய்யா கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

அவளுக்கும் நான் இன்னும் சொல்லவில்லை.