கை தவறிப் பட்ட வெளிச்சம்

நிந்தவூர்
17.08.2025

அன்புத் தம்பி மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மனைவியும் மகள் சிபானாவும் தோஹாவில் சுகமாக இருக்க அல்லாஹ்வைக் கேட்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் மச்சானுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, சோற்றைக் குறைக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். மாவடிப்பள்ளி வயலில் வெட்டு முடிந்துவிட்டது. நெல் விலையைப் பற்றிக் கேட்காதே.

போன் இருக்கும்போது ராத்தா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று சொல்வாய். இதை நீ இடையில் மறிக்காமல் முழுவதும் கேட்க வேண்டும். அடுத்த தெரு அச்சிமுகம்மதுவின் மருமகன் தோஹாவுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து நீ ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாய். வாப்பாவின் உம்மா எப்படி இருப்பார், ஒரு படமாவது காட்டுங்கள் என்று சிபானா கேட்கிறாளாம். "ராத்தா, உங்கட கலியாண வீட்டுப் பிலிம் இன்னும் கிடக்கா? அது கை தவறித் திறந்ததுதானே. அப்படித் திறந்தா உள்ளுக்குச் சுத்தியிருக்கிற படம் தப்புமாம், வாசிச்சன். கழுவக் கொடுத்துப் பாருங்க" என்றாய். அந்தச் செய்தியை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

கிடந்தது தம்பி. இருபத்திரண்டு வருடமாக அலுமாரியின் மேல்தட்டில், பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. எறிய மனம் வரவில்லை. சுனாமித் தண்ணீர் கீழ்த்தட்டோடு நின்றது. போன வருட வெள்ளமும் அதைத் தொடவில்லை. உம்மாவின் வேறு படம் நம்மிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். அடையாள அட்டையில் இருந்த ஒன்றையும் அவர் மௌத்தைப் பதிந்த அன்று பதிவாளர் கந்தோரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கலியாண நாளை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். மாப்பிள்ளையாக வந்த உன் மச்சான்தான், சவூதியிலிருந்து கொண்டுவந்த கமராவில் படம் எடுத்தார். முதல் படமே உம்மாதான். வெட்கப்பட்டு அடுப்படிக்குள் ஓடியவரை, "மாமி, ஒரே ஒரு படம், வாங்க" என்று கெஞ்சிக் கூட்டிவந்தார். உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்து நின்று, கடைசியில் சிரித்தும்விட்டார். பெண்களைப் படம் பிடிப்பது மார்க்கம் விலக்கிய ஹராம் என்று நீ காலையிலிருந்தே முகம் சிவந்து திரிந்தாய். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. அஸர் தொழுகைக்குப் பிறகு அறைக்குள்ளிருந்து கமராவோடு வந்தாய். எடுத்து வைக்கப் போகையில் விழுந்து பின்மூடி திறந்துவிட்டது, பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது என்றாய். நான் நம்பாமல் கத்தினேன். "வல்லாஹி, கை தவறிற்று ராத்தா" என்றாய்.

அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்தவனை மேற்கொண்டு என்ன கேட்பது? "புள்ள வல்லாஹி என்டு சொல்லிட்டான், இனி அதைக் கதைக்கப்படாது மகள்" என்று உம்மாவும் சொன்னார். வெளிச்சம் பட்டால் அவ்வளவுதான் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். கழுவக்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது உன் பேச்சைக் கேட்டுக் கல்முனைக்குக் கொண்டுபோனேன். அங்கே படக்கடை வைத்திருக்கும் சுஜிந்தன் நல்ல பிள்ளை. கொழும்புக்கு அனுப்பிக் கழுவித் தருகிறேன், பழைய பிலிம்தான், ஆனாலும் பார்க்கலாம் அக்கா என்றார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், காத்திருந்தேன். அந்த மூன்று கிழமையும் நான் உம்மாவின் படத்துக்கு எங்கே ஆணி அடிப்பது என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வந்தது. நுனியிலிருந்து அடிவரை ஒரே கறுப்பு. வெளிச்சம் பட்ட இடம்தான் பிலிமில் கறுக்குமாம். சுஜிந்தன் அதைக் கண்ணாடி மேசையில் விரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, "அக்கா, மூடி தவறித் திறந்தா இப்படி வராது. மேல் சுத்துத்தான் கறுக்கும். முதல் எடுத்த படம் ஆக உள்ளுக்கு இருக்கும், அது தப்பியிருக்கும். இதில எடுக்காம மிச்சமாக் கிடந்த பகுதியும் கறுத்திருக்கு. அது வெளிச்சம் போகாத உருளைக்குள்ள இருந்தது, தானா வெளிய வராது. ஆரோ கடைசி வரைக்கும் கையால இழுத்து வெளிச்சத்தில பிடிச்சிட்டுத் திருப்பிச் சுத்தியிருக்காங்க" என்றார். பிலிமில் நெடுக நகம் பதிந்ததுபோல் மடிப்புகள் இருந்தன. அவற்றையும் தொட்டுக் காட்டினார்.

நீ வாசித்தது சரி தம்பி. கை தவறியிருந்தால் உம்மா தப்பியிருப்பார். உன் பொய்யை நீயே இத்தனை வருடமாக நம்பி, அதை நம்பி என்னையும் கல்முனைக்கு அனுப்பியிருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

ஹராம் என்று நம்பித்தான் செய்தாய் என்றால் அதைச் சொல்லியிருக்கலாம். சண்டை பிடித்திருப்பேன், இரண்டு பெருநாளில் ஆறியிருக்கும். இன்று நீ காலைச் சாப்பாட்டைக்கூடப் படம் பிடித்துப் போடுகிறாய், மனைவி மகளோடு கடற்கரையில் நின்று போடுகிறாய். போடு, நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மனிசி ஒரே ஒரு தரம் சிரித்தது மட்டும் உனக்குப் பொறுக்கவில்லையா?

நீ கமராவோடு போன அறையில் உம்மா சீலை மடித்துக்கொண்டிருந்தார் என்பதும், நீ இழுத்ததை அவர் கண்டிருப்பார் என்பதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கதைக்கப்படாது என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மௌத்தாகும்வரை மூன்று வருடம் அந்தப் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவர் கேட்கவில்லை, இன்னொரு படத்துக்கு நிற்கவுமில்லை.

பிலிமை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சிபானாவிடம் காட்டு. ஏன் கறுப்பாக இருக்கிறது என்று அவள் கேட்பாள். அதற்குரிய பதிலை நீயே சொல். சத்தியம் ஒன்றும் வேண்டாம், உண்மையைச் சொன்னால் போதும்.

உன்னைச் சபிக்க எனக்கு நா எழவில்லை. உம்மா அதை விரும்பமாட்டார். ஐந்து வக்துத் தொழுகையிலும் உனக்கும் சேர்த்துத்தான் கையேந்துகிறேன். அல்லாஹ் ஒரு தரமாவது உம்மாவை உன் கனவில் காட்டட்டும். காட்டினால், முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது தம்பி. எனக்கு மறந்துகொண்டு வருகிறது.

இப்படிக்கு,
உன் ராத்தா
றுஸ்னா