ஆடியில் கைமாறிய கார்

என்னங்க,

போன வாரம் நீங்கள் விற்ற கார் நேற்று கம்மாபுரத்தில் ஒருவரை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது. ஆர்சி இன்னும் என் பெயரில்தானே இருக்கிறது? இன்று காலையில் செத்தவரின் ஆட்கள் வண்டி நம்பரை வைத்து விசாரித்து, கடப்பாரையோடு குவார்ட்டர்ஸுக்கே வந்து, "கார்காரி, வெளிய வாடி!" என்று ஜன்னலை நொறுக்கினார்கள். கண்ணாடி கிழித்து என் இடது கையில் ஏழு தையல்.

"ஆடியில பேர் மாத்த வேணாம், ஆவணி பொறக்கட்டும்" என்றீர்களே. சாவியைத் தூக்கிக் கொடுக்க மட்டும் ஆடி ஆகுமா?

ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் செருப்போடு உள்ளே வாருங்கள். சாம்பாரில் கண்ணாடி விழுந்திருக்கும், கொட்டிவிடுங்கள். மாவு இருக்கிறது, தோசை ஊற்றிக்கொள்ளுங்கள்.

தேவயானி

பி.கு.: அவர்கள் விட்டுப்போன கடப்பாரை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நான் வருவதற்குள் ஒளித்துவையுங்கள். அவர்களுக்குப் பயந்து அல்ல. உங்கள் முகத்தைப் பார்த்தால் தையல் போட்ட கையும் சும்மா இருக்காது.